சப்பாத்து மண்

ஓய்வூதிய இலாகாவிலிருந்து வந்த கடிதத்தில்
உன் பெயர் இல்லை, அம்மா.
கோப்ரல் சிங்காரவேலுவின் மனைவி
காலமாகிவிட்டதால் கணக்கு மூடப்படுகிறது,
அவ்வளவுதான்.
கீழே அப்பாவின் பட்டாள எண்.

சிகாமட் ஆஸ்பத்திரியில்
தாதி உன் அடையாள அட்டை எண்ணைக் கேட்டபோது
தயங்காமல் நீ சொன்னதும் அதையேதான்.
அவள் எழுதினாள், அடித்தாள், என்னைப் பார்த்தாள்.
விடுங்கள் என்றேன்.
இருபத்தோரு வருஷம்
ஒவ்வொரு உறைமேலும் நீ எழுதிய எண் அது.

முகாமில் வீடு கொடுத்தார்கள்.
வெட்டுக்கூலியை விட மனசில்லாமல்
லாபிஸ் ஏழாங்கட்டைத் தோட்டத்து லயத்திலேயே இருந்துவிட்டாய்.
தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு
பிரட்டுக்குப் போகுமுன் எங்களை எழுப்பி
பாயைச் சுருட்டச் சொல்வாய்.
ஒரு விரல் கோணினாலும் மறுபடி விரி, மறுபடி சுருட்டு.
"அப்பா வந்து பாக்கட்டும்."
அவர் வந்தபோது ஒருதரமும் பார்த்ததில்லை.
தூங்கினார்.

எங்கே அனுப்புகிறார்கள் என்று
அவர் சொல்லக்கூடாது. நீ கேட்கவும் மாட்டாய்.
அவர் குளிக்கப் போனதும்
படியில் குந்தி
சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டுவாய்.
பால்மரத்தடியில் வெறுங்காலோடு வளர்ந்தவள்,
உதிர்ந்ததை இரு விரலில் நசுக்கி
"சேத்து மண்ணு. சரவாக்" என்பாய்.
இன்னொரு முறை "கிரிக்குக்கும் மேல."
சரியா தப்பா, எங்களுக்குத் தெரியாது.
மண்ணை மைலோ டின்னில் போட்டு மிளகாய் நட்டாய்.
நாட்டின் எல்லையெல்லாம்
எங்கள் சம்பாலில் உறைத்தது.

ஒரு புதன்கிழமை, பால் நிறுக்கும் நேரம்,
பச்சை ஜீப் லயத்துக்குள் வந்தது.
பட்டாளத்து வீடு இரண்டே இரண்டு.
நம் வாசலில் இறங்கி
ஆபீசர் தொப்பியைக் கழற்றினார்.
நீ வாளியைக் கீழே வைத்தாய்,
ஒரு சொட்டு சிந்தாமல்.
அவர் தாளைப் பார்த்து மலாயில் கேட்டார்:
ஆரோக்கியத்தின் வீடு எது?

நீ கை நீட்டிக் காட்டவில்லை.
அவரை அங்கேயே நிறுத்திவிட்டு,
கையைக் கழுவி,
முந்தானையில் துடைத்து,
பதினாலாம் நம்பர் வீட்டுக்கு நீயே முதலில் நடந்தாய்.

தெரசம்மாவுக்கு அன்றோடு பால் நின்றது.
பத்து மாசம்
தம்பிக்கு வலப்பக்கம்,
அவள் மகன் சேவியருக்கு இடப்பக்கம்.
ஏழு வயதில் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
யாருக்கு அதிகம் என்று.

எழுபத்தொரு வயதில், கீரை ஆய்ந்தபடி சொன்னாய்:
"வேற பேருன்னு கேட்டதும் சந்தோசப்பட்டேன்டி.
ஒரு மூச்சு நேரம்.
அப்புறம் அவ மொகத்துல நான் நேரா முழிச்சதே இல்ல."
எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.
காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

தம்பி பட்டாளத்துக்கு மனுப்போட்டபோது
கையெழுத்துப் போட்டாய்.
மூன்று நாள் யாரோடும் பேசவில்லை.
நாலாம் நாள் அவனுக்கு
சட்டைக்குக் கஞ்சி போடக் கற்றுக்கொடுத்தாய்.

உன்னை எடுத்த அன்று
முடியிறக்க தம்பி உட்கார்ந்தான்.
பக்கத்துப் பலகையில்
சிலுவைச் சங்கிலியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு
சேவியரும் வந்து உட்கார்ந்தான்.
நீங்கள் யார் என்றார் முடிவெட்டுபவர்.
"இடப்பக்கம்" என்றான்.
அவருக்குப் புரியவில்லை.
தலையில் தண்ணீர் தெளித்தார்.

பெண்கள் வரக்கூடாது என்றார்கள். போனேன்.
பால்மரமெல்லாம் போய்
செம்பனை நிற்கும் பாதை, முதல்நாள் மழை.
திரும்பி வந்து படியில் குந்தி
என் சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டினேன்.
செம்மண், ஒரு பனைநார்,
கொஞ்சம் சாம்பலோ என்னவோ.
விரலில் நசுக்கிப் பார்த்தேன், அம்மா.
எந்தப் பக்கம் என்று
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.